லோயர் ஆர்ம் புஷ்

அருமனையிலிருந்து மார்த்தாண்டம் வரை
ஒவ்வொரு வேகத்தடையிலும்
இடது முன்சக்கரத்துக்கு மேலே
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
திறப்பதற்குள் போய்விடுகிறார்கள்.

டக்.
அவ்வளவுதான். ஒரே டக்.

"ஒரு சத்தமும் இல்ல, உனக்க காதுலதான்"
என்றார் மெல்கியாஸ், ஒரு வருடமாக,
பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி,
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைத்து.

குழித்துறைப் பாலம் இறங்கியதும் வின்ஸ்லாலின் ஷெட்.
கம்பியை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினான்.
ரப்பர் வாய் பிளந்திருந்தது,
நடுவிலிருந்த இரும்புக் குழலை விட்டு
நகத்தின் கனத்துக்கு விலகி.
"எக்கா, இது என்னைக்கோ செத்தாச்சு."

நான் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவள்.
புகைக்கூட்டில் காய்ந்ததை வெளிச்சத்தில் பிடித்து
குமிழ் எத்தனை, கறுப்பு எத்தனை,
எந்தத் தோட்டத்தில் ஆசிட் கூடியது என்று சொல்லிவிடுவேன்.
என் வண்டிக்கு அடியிலேயே
பதினோரு வருடம் கிடந்து கிழிந்தது தெரியவில்லை.

"கம்பெனி ரப்பர் போடவா, இல்ல
பாலியூரித்தேன் போடவா? மஞ்ச கலரு,
கோயம்புத்தூர்ல இருந்து வரும்.
ஸ்பிரிங்கு அதுதான், ஷாக்கும் அதுதான்,
வண்டிய தாழ்த்தவும் வேண்டாம் பொக்கவும் வேண்டாம்.
ஸ்டியரிங்கு மட்டும் சொன்ன சொல்லு கேக்கும்."

சொன்ன சொல் கேட்பதாக
அந்த மாதம் என்னிடம் வேறொன்றும் இல்லை.
மஞ்சள் என்றேன்.

"முன்பக்கம் மஞ்சளு. பின்பக்கத்து புஷ்ஷு
ரப்பராட்டே இருக்கட்டு.
ரெண்டும் மஞ்சளாச்சுன்னா ஒங்க பல்லு ஆடும்."

மூன்றாம் நாள் பிரஸ்ஸில் வைத்து
பழையதைப் பிதுக்கி எடுத்தார்கள்.
வர மறுத்த சட்டையை ஆக்ஸா பிளேடால் கீறி,
தேங்காய் உடைப்பதுபோல் ஒரே தட்டு.
புதியதற்குப் பசைபோல ஒட்டும் வெள்ளை கிரீஸ்,
விரல் விரலாக.

போல்ட்டை மாட்டினான், இறுக்கவில்லை.
ஜாக்கை இறக்கி,
நாலு சக்கரமும் மண்ணில் ஊன்றி,
"ஏறி இருங்கக்கா" என்று என்னையும் உட்கார வைத்து
பிறகுதான் அடியில் நுழைந்தான்.
"தொங்கும்போ இறுக்கினா ரப்பருக்கு
தொங்குகதுதான் நேர்னு ஆயிரும்.
தரையில நிக்க நேரமெல்லாம்
முறுக்கிக்கிட்டு நிக்கும், பெறவு கிழியும்."
மஞ்சளுக்கு இது தேவையில்லையாம், அது சுற்றிக்கொள்ளும்.
ஆனாலும் அதையும் அப்படியே இறுக்கினான்.
கை பழகிவிட்டதாம்.

டக் போய்விட்டது.

பதிலுக்கு எல்லாம் வந்தது.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளை
இப்போது எண்ணலாம்.
தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய இடம்,
காளிச்சந்தை வளைவில் உதிர்ந்த ஜல்லி,
யாரோ காயப்போட்ட நல்லமிளகுச் சாக்கின் விளிம்பு,
ஒவ்வொன்றும் ஸ்டியரிங் வழியாக
உள்ளங்கைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறது.
ரப்பர் இவ்வளவையும்
என்னிடம் சொல்லாமல் விழுங்கியிருக்கிறது.
வளைவில் வண்டி மட்டும்
நினைத்த இடத்தில் நிற்கிறது,
நினைத்ததற்கு ஒரு விரல்கூட வெளியே போகாமல்.

"சத்தம் போச்சுல்லா?" என்றார் மெல்கியாஸ்.

எந்தச் சத்தம், என்றேன்.

அவர் ரேடியோவைக் குறைத்தார்.
தக்கலை வரை இருவரும்
சாலை சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனோம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு
காலையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது
மெல்லிய கிரீச்.
கிரீஸ் கழுவிப்போயிருக்கும். மறுபடி கழற்றணும்,
அதற்குத் தனிக் கூலி.
மெல்கியாஸ் முதல் நாளே கேட்டுவிட்டார்.

பழைய புஷ் கடையில் இருக்கிறது,
ரசீதுகள் பறக்காமலிருக்க, தராசுக்குப் பக்கத்தில்.
ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன், இரும்போடு சேர்த்து
நூற்றுத் தொண்ணூறு கிராம்.
வாய் பிளந்த பக்கத்தைத் திருப்பிவிட்டு
மறுபக்கம் கட்டைவிரலால் அழுத்தினால்
இன்னும் திரும்பி வருகிறது.
நாலாம் தரம் சொல்லலாம்.